கத்திரி வெயிலும் எங்கள் தெருவும்

மே 4, 2025, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். 28ஆம் தேதி வரை என்று காலண்டரில் போட்டிருக்கிறது. ராயபுரத்தில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்காமல் இருக்க முடியுமா? விடிந்ததும் காசிமேடு போய்விட்டேன்.

ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விடும் ஓய்வு. விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒருவர் பலகை இடுக்கில் பஞ்சு திணிக்கிறார், இன்னொருவர் பெயின்ட் அடிக்கிறார், நிழல் கிடைத்த இடத்தில் நாலு பேர் வலை பின்னுகிறார்கள். ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய் வருகின்றன. அதில் வந்த நெத்திலியும் காரப்பொடி மீனும் கொஞ்சம் இருந்தன. வஞ்சிரம் கேரளத்திலிருந்து ஐஸில் வருகிறது. மேற்குக் கடலில் தடை ஜூனில்தான் தொடங்கும்.

செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மீன்கார அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா கண்ணு, ஆதார் கார்டு பாக்குற மாதிரி பாக்குறே? வஞ்சிரம் நல்லாகீது, எடுத்துக்க. எறா மட்டும் வாணாம், எனக்கே மனசு இல்ல." வியாபாரம் படுத்துக் கிடக்கிற மாதத்தில், தன் கூடையில் இருப்பதையே வாங்காதே என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! மீனவர் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணமாக அரசு 8,000 ரூபாய் தருகிறது. ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், மீன் அரிந்து தருகிற பெண்கள், இவர்களுக்கும் இதே 61 நாள்தான். நிவாரணம் பற்றிப் பேசும்போது இவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. மாநிலத்தில் 95.03 சதவீதம் தேர்ச்சி. வழக்கம்போல மாணவிகள் முந்தி.

எதிர்வீட்டுப் பெண் பாஸ். மார்க் கொஞ்சம் குறைவு. காலை ஒன்பதரைக்குள் தெருவில் பாதிப் பேர் "எவ்ளோ எடுத்தே?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் ஒரு படி இறங்கியது. கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவள் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள்தான். மூலைவீட்டுத் தாத்தா மட்டும், "அடுத்து இன்னா படிக்கப் போறே தாயி?" என்றார். நர்சிங் என்றாள், முகம் நிமிர்ந்து. பத்து நிமிஷம் அதைப் பற்றியே பேசினாள். ரிசல்ட் அன்று பிள்ளைகளிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

மே 13, செவ்வாய்

டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து கோலி நேற்று ஓய்வு அறிவித்துவிட்டார். டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. 123 டெஸ்ட், 9,230 ரன், 30 சதம். "இன்னும் 770 அடிச்சிருந்தா பத்தாயிரம்" என்று டீ மாஸ்டர் தன் சேமிப்பில் குறைந்துவிட்டது போல வருத்தப்பட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர், "போதும்னு தானே சொல்லிட்டுக் கெளம்புறான் பாரு, அது யாருக்கு வரும்?" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

மே 17, சனி

தர்பூசணிக்கு நல்ல காலம் திரும்பிக்கொண்டிருக்கிறது. கோடை தொடங்கும்போது, பழத்தில் சிவப்புச் சாயத்தை ஊசி வழியாக ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, வீடியோவாக எல்லார் போனுக்கும் போனது. ஒரே வாரத்தில் வாங்க ஆள் இல்லை. செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கமெல்லாம் பழம் வயலிலேயே கிடந்து விவசாயிகள் கதறினார்கள். அப்புறம் பயப்பட வேண்டாம் என்று விளக்கம் வந்தது. ஆனால் பயம் பரவுகிற வேகத்தில் விளக்கம் என்றைக்குப் பரவியிருக்கிறது?

யோசித்தால் புரிகிற விஷயம்தான். ஊசி குத்திய பழம் இந்த வெயிலில் எத்தனை நேரம் தாங்கும்? தோலில் ஓட்டை விழுந்தால் உள்ளே அழுக ஆரம்பித்துவிடும்.

தண்டையார்பேட்டையில் வண்டி போட்டிருக்கும் அண்ணன் இப்போதெல்லாம் கேட்காமலே ஒரு துண்டு வெட்டி, வெள்ளை டிஷ்யூ பேப்பரை அதன்மேல் அழுத்தி எடுத்துக் காட்டுகிறார். லேசான ஈரம், இளஞ்சிவப்பில் கொஞ்சம் சாறு, அவ்வளவுதான். "ஒவ்வொருத்தருக்கும் காட்டுறேன்மா. நம்பிட்டா போதும்." ஒரு பழமாக வாங்கிவந்து கீழ்வீட்டுக்கும் பாதி கொடுத்தேன். அவர்கள் முதலில் யோசித்தார்கள். நான் ஒரு துண்டு எடுத்துக் கடித்ததும் குழந்தைகள் கை நீட்டிவிட்டன.

மே 21, புதன்

லீவு விட்டதால் தெருவில் நாள் பூரா கேரம். நிழல் நகர நகர ஸ்டூலோடு போர்டும் நகர்கிறது. வேர்வைக் கை பட்டால் போரிக் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஸ்டிரைக்கரைத் தொடும் முன் சட்டையில் விரலைத் துடைப்பது இங்கே சட்டம் மாதிரி. இன்று ஆடியதில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள். புதுவண்ணாரப்பேட்டை காசிமா போன நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து, பெண் பிள்ளைக்கு எதற்குக் கேரம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆட்டோ ஓட்டும் அப்பாவின் மகள். செய்தி என்றால் எனக்கு இதுதான் செய்தி.

மே 25, ஞாயிறு

கேரளத்தில் நேற்றே பருவமழை தொடங்கிவிட்டது. வழக்கமாக ஜூன் 1. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது இப்போதுதான். உடனே மாடியில் வடாம் காயவைத்திருந்த அத்தைக்குக் கவலை, மழை வந்துவிடுமோ என்று. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை அத்தை, இதை நம்பிக் காய வையுங்கள் என்றேன்.

அங்கே மழை கொடுக்கும் மேற்குக் காற்று, மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது வறண்டு போய்விடுகிறது. இங்கே வெயில் தணிய வேண்டுமென்றால், பகலில் தரை சூடாகி, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வர வேண்டும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் அது கடல் காற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். பதினோரு மணிக்கு வர வேண்டியது இரண்டு மணிக்கு வந்தால் அதற்குள் 40 டிகிரி ஆகிவிடும். நாங்கள் கடலோரம் என்பதால் காற்று உள்ளே வந்தால் முதலில் எங்களுக்குத்தான். கடலிலிருந்து தள்ளி இருக்கும் மீனம்பாக்கத்தில் சூடு பெரும்பாலும் ஒரு படி அதிகமாகவே இருக்கிறது.

சாயங்காலம் சிஎஸ்கே ஜெயித்தது. ஆனாலும் பட்டியலில் கடைசி இடம். இப்படி ஆனது இதுவே முதல் முறை. மஞ்சள் சட்டையை ஒரு பையனும் கழற்றவில்லை.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது. மண்பானையை எடுத்து வைத்துவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31ஆம் தேதி, அதாவது கத்திரி முடிந்த பிறகு. வாசல் தண்ணீர்ப் பானையும் ஜூன் முழுக்க அங்கேயே இருக்கட்டும். குப்பை வண்டி அக்காவும் கூரியர் தம்பியும் அதில்தான் குடிக்கிறார்கள்.

ஜூன் 15 அன்றே வஞ்சிரம் விலை இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீன்கார அக்காவைக் கேட்டால் சிரிக்கிறார். "அன்னிக்குத்தான் படகே போவும். தங்கிப் புடிச்சு வர வாணாமா? அடுத்த வாரம் வா, நல்லதா எடுத்து வெக்கிறேன்."