ஹஜ்ஜில் ஓத வேண்டியதும் நாமாகக் கேட்க வேண்டியதும்

ஹஜ்ஜுக்குப் போகிறோம் என்று உறுதியானதும் கைக்கு வந்து சேரும் துஆ (வேண்டுதல்) புத்தகங்களுக்குக் கணக்கே இல்லை. பயண ஏற்பாட்டாளர் ஒன்று தருவார். முன்பு போய் வந்த உறவினர், ஓரம் மடங்கிய தம் பழைய பிரதியைத் தருவார். அவற்றில் பெரும்பாலானவை, கஅபாவைச் சுற்றி வரும் தவாஃபின் ஏழு சுற்றுகளுக்கும் தனித்தனி துஆக்களைப் பக்கம் நிறைய அச்சிட்டிருக்கும். எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திய ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) அவற்றை ஓத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், இன்ன இடத்தில் இன்ன சொற்களை ஓத வேண்டும் என்று நபி (ஸல்) அவர்களின் வழியாக உறுதியாக வந்திருப்பவை மிகச் சிலவே என்றும், அவற்றை மனப்பாடம் செய்துகொண்டால் மீதி நேரமெல்லாம் நம் சொந்த வேண்டுதலுக்கு உரியது என்றும் விளக்கி, ஒரே தாளில் அடங்கும்படி எழுதித் தந்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் நான் என் ஹஜ்ஜை நிறைவேற்றினேன்.

வகுப்பில் இருந்த ஒரு மூதாட்டி, "ஹஜ்ரத், எனக்கு அரபி ஓத வராதே, என் துஆ ஏற்கப்படுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, இத்தனை வருடமாக எந்த மொழியில் அல்லாஹ்விடம் அழுதீர்களோ, அதே மொழியில் அங்கேயும் கேளுங்கள்" என்றார் அவர். தொழுகைக்குள் ஓதுபவற்றுக்குச் சட்டம் வேறு. தவாஃபிலும் அரஃபா திடலிலும் கேட்கும் துஆ எந்த மொழியிலும் இருக்கலாம் என்று அவர் தெளிவுபடுத்தியபோது, வகுப்பில் பலருடைய முகம் தெளிந்தது.

புனித நிலைக்குரிய இஹ்ராம் அணிந்து நிய்யத் (மனத்தில் எண்ணம்) வைத்தவுடன், இறைவனின் அழைப்புக்கு "வந்துவிட்டேன்" என்று பதில் சொல்லும் தல்பியா தொடங்குகிறது. "லப்பைக் அல்லாஹும்ம லப்பைக், லப்பைக்க லா ஷரீக்க லக்க லப்பைக், இன்னல் ஹம்த வன்னிஃமத்த லக்க வல் முல்க், லா ஷரீக்க லக்." இதை ஆண்கள் உரக்கச் சொல்வதும், பெண்கள் தமக்குக் கேட்கும் அளவில் சொல்வதும் முறை. முதலில் உம்ரா (சிறிய புனிதப் பயணம்), பிறகு ஹஜ் என்ற தமத்துஃ முறையில் சென்றதால், உம்ராவின் தவாஃபைத் தொடங்கும்போது தல்பியாவை நிறுத்தினோம். ஹஜ் மாதமான துல்ஹஜ் பிறை 8 அன்று மீண்டும் இஹ்ராம் அணிந்தபோது அது திரும்பவும் நாவில் ஏறிக்கொண்டது.

தவாஃபில் தாள் சொன்னது இரண்டே செய்திகள். கஅபாவின் ஒரு மூலையிலுள்ள கருங்கல்லான ஹஜருல் அஸ்வதுக்கு நேராக வரும்போதெல்லாம் தக்பீர் (அல்லாஹு அக்பர்). கூட்டத்தில் கல்லை நெருங்க முடியாதவர்கள் கையால் சைகை செய்தால் போதும். அதற்கு முந்தைய மூலையான ருக்னுல் யமானிக்கும் ஹஜருல் அஸ்வதுக்கும் இடையே, "ரப்பனா ஆத்தினா ஃபித்துன்யா ஹஸனதன் வஃபில் ஆகிரதி ஹஸனதன் வகினா அதாபன்னார்" என்ற குர்ஆன் வசனம் (2:201). சுற்றின் மற்ற மூன்று பக்கங்களும் நமக்கே விடப்பட்டவை. எங்களுக்குச் சற்று முன்னால் ஒரு குழுவின் தலைவர் புத்தகத்தைப் பார்த்து உரக்க வாசிக்க, பின்னால் வந்தவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனார்கள். நெரிசலில் பாதிச் சொல் அவர்களை எட்டியது, மீதி எட்டவில்லை. சொல்லின் நடுவில் மூச்சு முறிந்து, அடுத்த சொல் பாதியில் தொடங்கியது. அவர்களுடைய ஆர்வத்தில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆயினும், பொருள் தெரியாத நீண்ட வாசகத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட, பொருள் தெரிந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பக் கேட்பது உள்ளத்தை ஒருமைப்படுத்துகிறது என்பதே என் எண்ணம். ஒரு சுற்றைப் பாவமன்னிப்புக்கும், ஒரு சுற்றைப் பெற்றோருக்கும், ஒரு சுற்றைப் பிள்ளைகளுக்கும் என்று நானாகப் பிரித்துக்கொண்டேன். இது சுன்னத் (நபிவழி) அல்ல, மனம் சிதறாமல் இருக்க நான் கண்ட ஏற்பாடு மட்டுமே.

தவாஃப் முடிந்து, கஅபாவின் அருகே இப்ராஹீம் நபி நின்ற இடமான மகாமு இப்ராஹீமை முன்னோக்கி இரண்டு ரக்அத் தொழுதோம். அவற்றில் குர்ஆனின் காஃபிரூன், இக்லாஸ் சூராக்களை ஓதுவது நபிவழி. பிறகு ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே நடப்பதற்காக ஸஃபாவை நெருங்கும்போது "இன்னஸ் ஸஃபா வல் மர்வத்த மின் ஷஆஇரில்லாஹ்" என்ற வசனத்தைத் (2:158) தொடக்கத்தில் மட்டும் ஓதினோம். அங்கே கஅபாவை நோக்கி நின்று தக்பீரும் தவ்ஹீதின் (ஓரிறைக் கொள்கையின்) திக்ரும் (இறைநினைவுச் சொற்களும்) மூன்று முறை சொல்ல வேண்டும். அவற்றின் இடையிடையே கைகளை ஏந்தி நம் தேவைகளைக் கேட்க வேண்டும். நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவித்து, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ள நீண்ட ஹதீஸில் இந்த ஒழுங்கு அப்படியே இருக்கிறது. ஓதலும் வேண்டுதலும் இவ்வளவு அழகாகக் கோர்க்கப்பட்ட இடம் ஹஜ்ஜில் வேறில்லை என்று எனக்குத் தோன்றியது. பலர் ஸஃபாவிலும் மர்வாவிலும் நிற்காமல் தொட்டுத் திரும்புவதைப் பார்த்து ஆதங்கமாகவும் இருந்தது.

பிறை 9 அன்று அரஃபா திடலில் தங்கல். லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்) தொழுகைகளைச் சேர்த்துச் சுருக்கித் தொழுத பிறகு, சூரியன் மறையும்வரை வேறு எந்தக் கடமையும் இல்லை. கேட்பது ஒன்றே வேலை. துஆக்களில் சிறந்தது அரஃபா நாளின் துஆ என்ற ஹதீஸ் திர்மிதி தொகுப்பில் உள்ளது. "லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹூ லா ஷரீக்க லஹூ" என்று தொடங்கும் திக்ரும் அதிலேயே கற்றுத்தரப்படுகிறது. எனக்காகக் கேட்க நினைத்திருந்தவை எதிர்பார்த்ததைவிட விரைவில் முடிந்துவிட்டன. மனிதனுக்கு உண்மையான தேவைகள் எவ்வளவு குறைவு என்பது அந்தக் கூடாரத்தில் அமர்ந்தால்தான் விளங்குகிறது. என் மனைவி ஒரு சிறு நோட்டில், துஆ செய்யச் சொன்னவர்களின் பெயர்களையும் அவரவர் கோரிக்கைகளையும் எழுதி வந்திருந்தார்: குழந்தைப்பேறு, அடைபடாத கடன், ஒருவரோடொருவர் பேசாமல் போன அண்ணன் தம்பி. அவர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, நான் ஆமீன் சொன்னேன். தம் சகோதரனுக்காக மறைவில் துஆ செய்பவருக்கு, "உனக்கும் அவ்வாறே கிடைக்கட்டும்" என்று வானவர் சொல்கிறார் என்ற நபிமொழி நினைவில் இருந்ததால், அந்தப் பட்டியல் பாரமாகவே தெரியவில்லை. வெயில் தாழ்ந்ததும் வெளியே வந்து, கிப்லாவை (கஅபா இருக்கும் திசையை) நோக்கி நின்றபடி, முதலில் கேட்டவற்றையே மீண்டும் கேட்டோம்.

எங்கள் குழுவில் ஒரு பெண்மணிக்கு மாதவிடாய் வந்துவிட்டது. தம் அரஃபா வீணாகிவிடுமோ என்று கலங்கினார். தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்யும் அனைத்தையும் செய்யுமாறு தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கூறியிருப்பதை ஹஜ்ரத் எடுத்துச் சொன்ன பிறகு, அவரும் மாலைவரை துஆவிலேயே இருந்தார்.

அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா என்ற இடத்துக்கு வந்து, மஃரிப், இஷா ஆகிய இரவுத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுது, இரவு தங்கி, ஃபஜ்ர் (அதிகாலை) தொழுகைக்குப் பின் வெளிச்சம் நன்கு பரவும்வரை துஆ செய்தோம். பிறை 10 அன்று கல்லெறியும் மூன்று இடங்களில் (ஜம்ராக்களில்) ஒன்றான ஜம்ரத்துல் அகபாவில் முதல் கல்லை எறியத் தொடங்கும்போது தல்பியா நின்றுவிடுகிறது. அதன்பின் கொண்டைக்கடலையைவிடச் சற்றே பெரிய ஏழு கற்களுக்கும், கல்லுக்கு ஒரு தக்பீர். அடுத்த நாள்களின் கல்லெறிதலில் பலர் தவறவிடும் ஒரு சுன்னத் உண்டு. சிறிய ஜம்ராவிலும் நடு ஜம்ராவிலும் எறிந்து முடித்ததும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, கிப்லாவை நோக்கி நின்று நெடுநேரம் துஆ செய்ய வேண்டும். அகபாவில் எறிந்த பிறகு அவ்வாறு நிற்பதில்லை. நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அப்படியே செய்ததாக புகாரி தொகுப்பில் இருக்கிறது. எறிந்த வேகத்தில் கூட்டம் நம்மை அடுத்த ஜம்ராவுக்குத் தள்ளிக்கொண்டு போகும் என்பதால், எறிவதற்கு முன்பே ஒதுங்கும் பக்கத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

விடைபெறும் தவாஃபுக்கென்று தனி வாசகம் எதையும் தாளில் ஹஜ்ரத் எழுதியிருக்கவில்லை. ஹஜருல் அஸ்வதுக்கும் கஅபாவின் வாசலுக்கும் இடைப்பட்ட முல்தஸமை நெருங்க வழியில்லாததால், அதற்கு நேரெதிரே தள்ளி நின்று, மீண்டும் வரும் பாக்கியத்தைத் தமிழிலேயே கேட்டோம். சிலர் கஅபாவுக்கு முதுகு காட்டக் கூடாதென்று பின்னோக்கியே நடந்தார்கள். அப்படி ஒரு விதி இல்லை என்று வகுப்பிலேயே கேட்டிருந்ததால், நாங்கள் இயல்பாகத் திரும்பி வாசலை நோக்கி நடந்தோம்.