சொந்த வீட்டில் சில நாள் விருந்தாளி

வெளிநாடு போய்வந்தவரிடம் அங்கே என்னென்ன பார்த்தீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். திரும்பி வந்தபின் சொந்த வீட்டில் என்னென்ன பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் வாசனையிலிருந்து தொடங்கியிருப்பேன். சில மாதங்கள் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்து கூடத்தில் கால் வைத்ததும், பழைய புத்தகமும் ஈரச் சுவரும் மடித்து வைத்த துணியும் கலந்த ஒரு மணம் எதிர்கொண்டது. யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தயங்கினேன். தொடர்ந்து வீசும் வாசனையைச் சில நிமிடங்களிலேயே பொருட்படுத்தாமல் விட்டுவிடுவது மூக்கின் இயல்பு என்பதால், அத்தனை ஆண்டுகள் அங்கேயே குடியிருந்தும் எங்கள் வீட்டுக்கு ஒரு மணம் உண்டென்பதை நான் அறிந்ததில்லை. அன்று மாலைக்குள் மூக்கு சமாதானமாகிவிட்டது. கண்தான் ஆகவில்லை.

அதற்கு வசதியாகத் தூக்கமும் வரவில்லை. மனித உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. அதனால் நாளை நீட்டிக்கொள்வது அதற்கு எளிது, சுருக்கிக்கொள்வது கடினம். மேற்கே போனபோது எளிதில் பழகிய உடல், கிழக்கு நோக்கித் திரும்பியதும் முரண்டு பிடித்தது இதனால்தான். அதிகாலை 3 மணிக்கு விழித்துக்கொண்டு, செய்வதற்கு வேறு வேலை இல்லாமல், தணிக்கைக்கு வந்த அதிகாரியைப் போல வீட்டைச் சுற்றி வந்தேன். கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடியது. சமையலறைக் கடிகாரம் பிந்தி ஓடியது. நாட்காட்டி சென்ற ஆண்டிலேயே நின்றிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த மின்பலகையில் ஆறு சுவிட்சுகள். ஐந்துக்கு வேலை தெரிந்தது. ஆறாவதைப் பற்றி விடிந்ததும் அப்பாவிடம் கேட்டேன்.

"அதைத் தொடாதே" என்றார்.

"என்ன ஆகும், அப்பா?"

"தெரியாது. அதனால்தான் தொடாதே என்கிறேன்."

இதற்கிடையில் என் பேச்சில் "அங்கெல்லாம்" என்ற சொல் நுழைந்திருந்தது. அங்கெல்லாம் வண்டிகள் நின்று வழிவிடும், அங்கெல்லாம் வரிசையில் நிற்பார்கள் என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் தங்கை ஒரு துண்டுத்தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இந்த நோய் என் கண்டுபிடிப்பு அன்று. வெளிநாடு போகிறவரின் மனநிலை முதலில் உற்சாகமாக இருந்து, பிறகு சரிந்து, மறுபடி நிமிர்கிறது என்று 1955-இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர் எழுதினார். 1963-இல் குல்லஹார்ன் தம்பதியர், வீடு திரும்பிய பின்னும் இதே சரிவும் நிமிர்வும் இன்னொரு முறை நிகழ்வதாகச் சொல்லி அந்தக் கோட்டை நீட்டினார்கள். அந்த இரண்டாவது சரிவில் வீட்டார் படும் பாட்டையும் யாராவது வரைபடமாகப் போட்டிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இருந்தவரை நான் இதற்கு நேர்மாறாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே எவரேனும் எதையேனும் பெருமையாகக் காட்டினால், "எங்கள் வீட்டில்" என்று தொடங்கி, கேட்டவர் கடிகாரத்தைப் பார்க்கும்வரை நிறுத்தமாட்டேன். அப்படிப் புகழப்பட்ட வீடும், இப்போது நான் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்த வீடும் ஒன்றேதான். ஆறாவது சுவிட்சு மட்டும் அந்தப் புகழுரைகளில் இடம்பெறவில்லை.

விருந்தாளிக் கண் போவதற்குள் ஏதாவது ஒன்றையாவது சரிசெய்துவிட வேண்டுமென்று பின்கதவைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கதவைக் கைப்பிடியைப் பற்றிச் சற்றே மேலே தூக்கி, இடது தோளால் ஒரு முட்டு முட்டினால்தான் திறக்கும். எங்களுக்கெல்லாம் அது கதவு திறக்கும் முறையே தவிர, கதவின் கோளாறு அன்று. தச்சர் வந்து, கீழ் விளிம்பை இழைத்து, கீல்களை மாற்றினார். கதவு ஒரு விரல் பட்டாலே திறந்தது. மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போலத் தூக்கி முட்டி, அதே வேகத்தில் கொல்லைப்புறத்துக்குப் பாய்ந்து, கொடியில் காய்ந்த போர்வையைப் பிடித்து நின்றார். தங்கை துணிவாளியோடு போய்ச் சேர்ந்தாள். நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவும், எச்சரிக்கையாகத்தான் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே, தோளைக் கொடுத்தார்.

சுவீடன் நாடு 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலை 5 மணிக்குத் தன் வாகனங்கள் அனைத்தையும் சாலையின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாற்றியது என்றும், ஒரு நாட்டால் முடிந்தது ஒரு குடும்பத்தால் முடியாதா என்றும் நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு முன்கூட்டியே தேதி சொல்லியிருப்பார்கள் என்றார் அப்பா. தங்கை தன் தாளில் இன்னொரு கோடு போட்டாள். சுவீடனுக்கு நான் போனதே இல்லை என்று வாதாடியதை அவள் ஏற்கவில்லை. அம்மா தச்சரைத் தொலைபேசியில் அழைத்து, கதவைக் கொஞ்சம் இறுக்கமாக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.