மூன்றாவது பூச்சில் வாய் திறந்தது என் பேஸ்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, தற்காலிகமாகப் பழைய தந்திகளையே மாட்டி, என் பேஸ் கிதாரின் ஏ தந்தியில் ஐந்தாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு விரலை வழுக்கினேன். ‘ம்வா’ என்றது, ஃபிரெட் பிடுங்கிய பேஸுக்கே உரிய குரலில். ஆம்ப்ளிஃபயர் போடவில்லை. வெறும் மரம்தான். மறுபடி இழுத்தேன், மறுபடியும் ‘ம்வா’. பக்கத்து அறையிலிருந்து அம்மா, “பூனை உள்ளே வந்துவிட்டதா?” என்று கேட்டார். நான்கு மாதத்தில் யாரும் என்னை இவ்வளவு பாராட்டியதில்லை.

ஃபிரெட்களை, அதாவது விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை, பிடுங்கிய கதையை நீட்டவில்லை. சால்டரிங் அயர்னால் ஒவ்வொன்றையும் சூடேற்றி, முகம் தட்டையாகத் தேய்த்த குறடால் மெல்லக் கிள்ளினேன். இருபதில் மூன்று மட்டும் ஈட்டி மரத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வந்தன. சில்லுகளைப் பொறுக்கி சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். ஃபிரெட் இருந்த பிளவுகளில் அரை மில்லிமீட்டர் வெளிர் நிற வெனீர் (மெல்லிய மரத்தகடு) பட்டைகளைச் செருகியாயிற்று. வீணைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவர்களின் ஃபிரெட்களான இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சூடு காட்டினால் இடம் மாறும். நமக்கு மட்டும் ரம்பம் போட்டு அடித்து இறக்கியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிளவுகளை நிரப்பும் முன் தந்தி மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். இருபது வெட்டுகள் திறந்து கிடக்கும் நெக் (பேஸின் நீண்ட கழுத்து), நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் எழுபது எண்பது கிலோ விசையில் வில்லாக வளைகிறது. நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் கம்பியைத் திருகித் திருகி அதை நிமிர்த்தப் பார்த்து ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன்.

இனி பூச்சு. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

ஃபிரெட் பிடுங்கும் எல்லோருக்கும் ஃபிரெட்லெஸ் பேஸ் மேதை ஜேகோ பாஸ்டோரியஸ் மேல் பித்து இருக்கும், எனக்கும் உண்டு. அவருக்கு முன்பே, 1961-இல், ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன் ஒரு மலிவு பேஸின் ஃபிரெட்களைப் பிடுங்கிவிட்டார். 1966-இல் ஆம்பெக் நிறுவனம் ஃபிரெட் இல்லாத பேஸைக் கடைக்கே கொண்டுவந்தது. ஆனாலும் ஆளுக்கொரு குறடைக் கையில் எடுக்கவைத்தது ஜேகோவின் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ்தான். அவர் மாட்டியது ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய, சொரசொரப்பான) தந்தி. எஃகு சுற்றிய அந்தத் தந்தி வெறும் மரத்தில் உரசினால் அரம் போல அறுத்துவிடும். அதைத் தடுக்க விரல்பலகை மேல் அவர் பூசியது, கலந்து பூசினால் கல்லாய் இறுகும் பிசின், படகுக்குப் பூசும் எபாக்சி. அந்தக் கண்ணாடித் தளம்தான் அவருடைய ஒலியில் பாதி.

படகுக்குப் பூசும் எபாக்சி. சென்னையில் இருந்துகொண்டு இந்த மூன்று சொற்களைப் படிப்பவன் வேறெங்கே போவான்? காசிமேட்டுக்குத்தான். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கடையில், “படகுக்குப் பூசுவது” என்று கேட்டேன். “படகுக்கா, தண்ணீர்த் தொட்டிக்கா?” என்றார் கடைக்காரர். படகுக்கு என்றேன், பெருமையாக. ஒரு கிலோ ரெசின், குட்டிப் புட்டியில் வினையூக்கி, இன்னொரு புட்டியில் கத்தரிப்பூ நிறத் திரவம். அந்த நிறத்தைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அது கோபால்ட். கோபால்ட் போடுவது பாலியெஸ்டர் ரெசினுக்கு. எபாக்சிக்கு அதன் வேலையே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகள் பாலியெஸ்டரில் வார்த்தவை. கடைக்காரர் மேல் பிழையே இல்லை. நம் ஊர்ப் படகுக்கு எது சரியோ அதைத்தான் கொடுத்தார். நான் கேட்டது ஜேகோவின் ஃபுளோரிடாப் படகு.

அது தெரியாமல் பூசினேன். மேற்பரப்பு பிசுபிசுத்தது. சரி, காற்றுப் படும் இடத்தில் பாலியெஸ்டர் அப்படித்தான் இருக்கும், தேய்த்தால் போயிற்று என்று மூன்று நாள் காத்திருந்தேன். உப்புத்தாள் போட்டபோதுதான் தெரிந்தது: நடுப்படலம் கல்லாகியிருக்கிறது, அதற்குக் கீழே, மரத்தைத் தொடும் இடத்தில், இன்னும் ஜவ்வு. நகத்தால் நெம்பினால் தோசை போல உரிந்து வருகிறது. ஈட்டி மரத்தின் எண்ணெய்ப் பசையில் இருக்கும் சில பொருள்கள் பாலியெஸ்டரை இறுகவிடாது என்பதைப் பிறகுதான் படித்தேன். படகில் ஈட்டி மரம் இல்லை, அதனால் அங்கே பிரச்சினையும் இல்லை. உரித்ததில் ஒரே ஆறுதல், முழுசாகச் சுலபமாக உரிந்தது.

இரண்டாம் முறை உண்மையான எபாக்சி. பத்துக்கு ஒன்று என்ற எடை விகிதத்தில் கடினமாக்கியைக் கலக்கும் ரகம்; பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இருக்குமே, அது. கண்ணளவு இங்கே செல்லாது. நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கினேன். மரத்தை அசிட்டோனால் துடைத்து, மேல் எண்ணெய் போனதும் தாமதிக்காமல் பூசினேன். எல்லாம் முறைப்படி. பிழை ஒன்றே ஒன்றுதான்: அது ஐப்பசி மாதம், வெளியே அடைமழை, ஜன்னல் திறந்து கிடந்தது.

காலையில் பார்த்தால் பூச்சின் மேல் மெழுகு தடவியது போல மங்கலான ஒரு படலம். கடினமாக்கியில் உள்ள அமீன், ரெசினோடு சேரும் முன்பே காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கள்ள உறவின் பிள்ளைதான் இந்தப் படலம். தெரியாமல் உப்புத்தாளால் தேய்த்தேன். தாள் அடைத்துக்கொண்டது, படலம் கீறல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது, அதன் மேல் போட்ட இரண்டாம் பூச்சு வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றியது போல ஒதுங்கி ஒதுங்கிக் கண் கண்ணாய் நின்றது. அசிட்டோனும் பயன்படவில்லை, இழுசியதுதான் மிச்சம். அதற்கு மருந்து வெறும் வெந்நீர். படலம் தண்ணீரில் கரையும். வெந்நீரில் நனைத்த பச்சைத் தேய்ப்பானால் கழுவி, துடைத்து, காயவைத்து, அதன் பிறகுதான் உப்புத்தாள். விரலில் சோப்பு போல வழுவழுப்பு இருக்கும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் ஒரு மாதம் போயிற்று.

மீதியிருந்த கலவையைக் குறுகிய டம்ளரில் அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் டம்ளர் புகைந்துகொண்டிருந்தது. மொத்தமாகத் தேங்கிய எபாக்சி தன் சூட்டிலேயே வேகமாக வெந்துவிடும். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள், நேரமும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

பிறகு தை வரும்வரை நெக்கைத் தொடவில்லை. வழி பிறப்பது எபாக்சிக்கும் அப்போதுதான் போலிருக்கிறது. பொங்கல் கழிந்த இரண்டாம் வாரம், வறண்ட காற்று, மதியம் இரண்டு மணி.

இப்போது வேறொரு சிக்கல். விரல்பலகை தட்டை அல்ல. ஒன்பதரை அங்குல ஆரத்தில் லேசாக முதுகு வளைந்தது. மேலே ஊற்றும் எபாக்சி சும்மா இருக்குமா? நடுமுதுகிலிருந்து இரு ஓரங்களுக்கும் வழிகிறது. உச்சியில் கடுதாசி மொத்தம், ஓரத்தில் அட்டை மொத்தம். பிறகு ஆரத்துக்குத் தேய்க்கும்போது உச்சியில் மரம் எட்டிப் பார்க்கும். முதல் இரண்டு முறையும் இதுவும் நடந்தது. மற்ற துன்பங்களில் கண்டுகொள்ளவில்லை.

இதற்கு நான் கண்டுபிடித்த கருவியைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பழைய துடைப்பக் கம்பை வெட்டி, நெக்கின் அடியில் உடலோடு சேரும் திருகுத் துளைகளில் ஒரு துண்டையும், தலைப்பக்கம் தந்தி முறுக்கும் டியூனரின் துளையில் ஒரு துண்டையும் பொருத்தினேன். இரண்டு நாற்காலி முதுகுகளில் கயிற்று வளையம். அவற்றில் கம்புகளை நுழைத்தால் நெக் கிரில் கோழி போலச் சுழலும். எபாக்சியை ஊற்றி, பழைய ஏ.டி.எம். அட்டையால் பரப்பி, ஹேர் டிரையரைத் தொலைவில் காட்டிக் குமிழிகளை உடைத்தபின், நிமிடத்துக்கு ஒரு முறை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முழுச் சுற்று சுற்றக் கூடாது, பின்பக்கம் வழிந்துவிடும். தொட்டில் ஆட்டுவது போல. முப்பத்தைந்து நிமிடம் ஆட்டினேன். தேன் பதம் போய்ப் பாகு பதம் வந்ததும் நிறுத்தினேன். கம்பிப் பதம் என்று சொன்னால் மைசூர்பாகு கிளறுகிறவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் கையோடு வரக் கூடாது. அந்த நிலையில் அடுத்த பூச்சைப் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகவே இறுகும். நடுவில் தேய்க்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். அப்படி ஒரே மாலையில் மூன்று மெல்லிய பூச்சு. ஒரு வாரம் ஆறவிட்டு, 240-இல் தொடங்கி 400, 800, 1500, 2000 என்று தண்ணீர் உப்புத்தாள். கடைசியில் கார் பாலிஷ். டியூப்லைட் வெளிச்சம் நெக்கின் மேல் நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் அமரும் பள்ளக் கட்டை) கடைசிவரை வளையாமல் ஓடுகிறது. ஓரிடத்தைத் தவிர. ஜி தந்தியின் கீழே பதிமூன்றாம் வெனீர்க் கோட்டருகில் வெளிச்சம் லேசாக இடறுகிறது. அங்கே ஒரு சொட்டு தேங்கியிருக்க வேண்டும். நேற்று அந்த இடத்தில் மட்டும் ‘ம்வா’ வரவில்லை, தகரச் சத்தம் வந்தது.

தந்தி பற்றி நாலு வரி. இப்போது இருப்பது நான்கு வருடப் பழைய ஃபிளாட்வவுண்ட், அதாவது தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான தந்தி. மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் பிரிசிஷன் பேஸில் தந்தியை அறுந்தாலொழிய மாற்றியதே இல்லை என்பார்கள், அதனால் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் ஃபிளாட்வவுண்டுக்குத்தான் இந்த எபாக்சியே தேவையில்லை. வெறும் ஈட்டி மரமே அதைத் தாங்கும். இவ்வளவு பாடுபட்டுவிட்டு எஃகு ரவுண்ட்வவுண்ட் மாட்டாமல் விட்டால் நியாயமா? 45, 65, 80, 105 தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கொண்ட ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன். இதற்கு முன் இணையத்தில் ஒருவரிடம் மலிவாக வாங்கிய செட்டில் ஈ தந்தி, மாட்டிய அன்றே செத்த பல்லியாய்க் கிடந்தது. பெட்டி அசல், உள்ளே இருந்தது போலி. அந்த ஆளுக்கு நல்ல காலம் வரட்டும்.

போன சனிக்கிழமை எலக்ட்ரானிக் பொருள் விற்கும் ரிச்சி தெருவுக்கும் போய்வந்தேன். ஜாஸ் பேஸுக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் 250 கிலோ ஓம் பொட் மூன்று, 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்தால் ஒரு பொட் 500 காட்டுகிறது. வாங்கும் இடத்திலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு பிக்கப்பையும் ஒரே அளவில் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கிவிடுகிறது, ஒன்றைக் குறைத்ததும் கொசு ரீங்காரம். அந்த இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை என்பதால் அது இயல்புதான். ஆனால் ஃபிரெட்லெஸ்ஸில் எனக்குப் பிடித்த ஒலி பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பை மட்டும் திறந்தால்தான் வருகிறது. ஆகவே உட்குழியில் செம்பு நாடா ஒட்டும் வேலையும் சேர்ந்துவிட்டது.

இதை முடிக்காமலே அடுத்ததைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப் பலகை வந்திருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடைகிற அதே மரம். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். அதில் ஐந்து தந்தி பேஸ் ஒன்று, உடல் 45 மில்லிமீட்டர் கனம், எடை எவ்வளவு வருமென்று இன்னும் கணக்கிடவில்லை, தோளைக் கேட்டால் வேண்டாம் என்கிறது. அங்குலக் கனத்துக்கு ஓராண்டு ஆறவிட வேண்டும் என்பது மரக்காரர்களின் பழைய கணக்கு. என் பலகை இரண்டு அங்குலம். முனைகளில் மெழுகு பூசிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறேன். இரண்டு வருடம் அதன் மேல்தான் தூங்கப்போகிறேன். அந்த பேஸுக்கு நெக்கே ஃபிரெட் இல்லாமல் செய்வதா, மெட்டில்லாத வீணையான கோட்டு வாத்தியம் போல் எதையாவது முயல்வதா என்று கனவில் தீர்மானமாகும்.

இப்போதைக்கு நட் பாக்கி. ஃபிரெட் போன உயரத்துக்கு நட்டின் பள்ளங்களும் இறங்க வேண்டும். தந்திக்கும் எபாக்சிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். ஈ, ஏ, டி மூன்றும் அறுத்தாயிற்று. ஜி பள்ளத்துக்கு வேண்டிய மெல்லிய ஊசி அரம் என்னிடம் இல்லை. நாளை பொற்கொல்லர் நண்பர் ஒருவர் பட்டறையில் இரவல் கேட்கப் போகிறேன். அங்கேயே அந்தப் பதிமூன்றாம் கோட்டுச் சொட்டையும் அவர் கண்ணில் காட்டி, எங்கே மேடு என்று கேட்க வேண்டும். நூலிழை மேட்டை நான் டியூப்லைட்டில் தேடுகிறேன், அவர் விரல் நுனியில் கண்டுபிடித்துவிடுவார்.