விவாகரத்துக்குப் பிறகு என் வருமான வரிக் கணக்கை நானே போட்ட கதை

2024 மார்ச் கடைசியில் குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தில் எங்கள் விவாகரத்து முடிந்தது. மகளுக்கு அப்போது எட்டு வயது, என்னோடுதான் இருக்கிறாள். வழக்கு முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், வருமான வரி என்று ஒன்று பின்னால் வரும் என்பதே அப்போது மனதில் இல்லை. அதுவரை ரிட்டர்ன் வேலை முழுக்க கணவராக இருந்தவர்தான் பார்த்தார், நான் ஃபாரம் 16ஐ (சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் ஆபீஸ் தரும் சான்று) கொடுத்துவிட்டு ஓடிபி சொல்வதோடு சரி.

2025 ஜூலையில் முதல் தடவையாகத் தனியாக உட்கார்ந்தேன். ஃபாரம் 16 இருந்தது, ஆபீஸில் பிடித்த வரி இருந்தது, ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் முன்கூட்டியே நிரப்பிய தகவலோடு திறந்தது. பத்து நிமிட வேலை என்று நினைத்து, சரி அனுப்பிவிடலாம் என்று இருந்தபோதுதான் அவரிடமிருந்து ஒரு மெசேஜ். "பாப்பா டெபாசிட் வட்டி என் ஏஐஎஸ்ல காட்டுது. அது நீ காட்டணுமா நான் காட்டணுமா?" ஏஐஎஸ் என்பது அவரவர் பான் எண்ணில் பதிவான வருமானங்களை வரித்துறை காட்டும் பட்டியல்.

தீர்ப்பில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு புரியாது. எனக்கு ஒரே தடவையாக 6 லட்சம். மாதாமாதம் 15,000, அதில் எனக்கு 6,000, மகளுக்கு 9,000 என்று தனித்தனியாகவே எழுதியிருந்தார்கள். அப்புறம் மகள் பெயரில் அவர் 5 லட்சத்துக்கு ஃபிக்சட் டெபாசிட் போட வேண்டும். போட்டார். பாங்கில் கார்டியன் என்று அவர் பெயரும் அவருடைய பான் எண்ணும் போய்விட்டதால் அந்த வட்டி என் ஏஐஎஸ்ஸில் வரவே இல்லை. வட்டி 40,000க்குள் இருந்ததால் பாங்கும் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்கவில்லை. ஆக அவர் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது.

எனக்குக் கோபம்தான் வந்தது. போட்டது அவர் பணம், எடுக்க முடியாதபடி மகள் பெயரில் கிடக்கிறது, ஒரு ரூபாய் நான் தொடவில்லை, அதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்? ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் அழைத்துப் போனார். ஆடிட்டர் பொறுமையாகச் சொன்னார்: "மைனர் குழந்தையோட வருமானத்தைப் பெத்தவங்க வருமானத்தோட சேர்க்கணும்மா. கல்யாணம் நிலைச்சிருந்தா யாருக்கு வருமானம் அதிகமோ அவங்களோட சேரும். கல்யாணமே இல்லேன்னா யாரு அந்தக் குழந்தையைப் பராமரிக்கிறாங்களோ அவங்களோட சேரும்." எனக்குப் பொருந்தியது 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 64(1ஏ) பிரிவு. கல்யாணம் நீடித்திருந்தால் அவர் சம்பளம் அதிகம் என்பதால் அவர் தலையில் விழுந்திருக்க வேண்டியது, பிரிந்துவிட்டதால் என் தலையில். அவரும் மாதம் 9,000 தருகிறாரே, அது பராமரிப்பு இல்லையா என்று கேட்டேன். குழந்தை என் பொறுப்பில், என் வீட்டில், பள்ளிக்கூடச் செலவு பெரும்பாலும் என்னிடமிருந்து என்பதால் நான்தான் காட்டுவது சரி என்றார். (குழந்தை தன் சொந்தத் திறமையால் சம்பாதித்தால் அது சேராது. என் மகள் டிராயிங் போட்டியில் வாங்கிய 500 ரூபாய்க்கு வரி இல்லை!)

ஜீவனாம்சத்தில் இன்னொரு குழப்பம். மொத்தமாக வந்த 6 லட்சத்துக்கும் வரி உண்டோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. இல்லை. ஒரே தடவையாக வரும் ஜீவனாம்சம் மூலதன வரவு, வருமானம் ஆகாது. மாதாமாதம் வருவது வருமானம். 1980களிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் இப்படிப் பிரித்துச் சொல்லியிருக்கிறதாம். ஆகவே எனக்கு வரும் மாதம் 6,000, வருடத்துக்கு 72,000, 'இதர வருமானம்' என்ற தலைப்பில் போக வேண்டும். கொடுக்கிறவருக்கு அதற்காக எந்தக் கழிவும் கிடையாது என்பது கூடுதல் தகவல், எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி, மறைப்பானேன். மகளுக்கான 9,000 அப்பா தன் குழந்தைக்குத் தருவது, அதைச் சேர்க்க வேண்டாம் என்றார் ஆடிட்டர். தீர்ப்பில் இரண்டு தொகையும் தனித்தனியாக இருந்ததுதான் இங்கே காப்பாற்றியது. மொத்தமாக "15,000" என்று மட்டும் எழுதியிருந்தால் எதில் எவ்வளவு என்று நான் யாரிடம் போய் நிரூபிப்பது? இன்னும் வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் வக்கீலிடம் இதை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள்.

தனியாகக் குழந்தை வளர்க்கிறவர்களுக்கு ஏதாவது சலுகை இருக்கும் என்ற நப்பாசையும் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகள், அங்கே குடும்பத் தலைவர் என்று தனி வகையே உண்டு, வரி குறையும் என்று சொல்லியிருந்தாள். இங்கே அப்படி எதுவும் இல்லை. கல்யாணம் ஆனவர், ஆகாதவர், பிரிந்தவர் எல்லோருக்கும் ஒரே ஸ்லாப் (வரி விகித அடுக்கு).

இனி கணக்கு. சில்லறையை விட்டுவிட்டேன். 2024-25இல் என் மொத்தச் சம்பளம் 9,12,000. ஆடிட்டர் பழைய முறை (கழிவுகள் அதிகம்), புதிய முறை (கழிவுகள் குறைவு, விகிதமும் குறைவு) இரண்டிலும் போட்டுப் பார்க்கச் சொன்னார், என்னைப் போல பிசினஸ் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் ஆபீஸில் எதைச் சொல்லியிருந்தாலும் கெடுவுக்குள் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம்.

பழைய முறையில் முதலில் ஹெச்ஆர்ஏ என்ற வீட்டு வாடகைப் படி. என் அடிப்படைச் சம்பளம் 4,20,000, ஹெச்ஆர்ஏ 1,68,000, கொடுத்த வாடகை 1,56,000. மூன்று தொகையில் எது குறைவோ அதுதான் விலக்கு: வாங்கிய ஹெச்ஆர்ஏ, வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதம் போக மீதி, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம் (சென்னையில் இருந்தால் 50). எனக்கு இரண்டாவதுதான் குறைவு, 1,14,000. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டியதால் வீட்டுக்காரர் பான் எண் வேண்டும், அதை வாங்குவதற்குள் அவர் என்னை வருமான வரி ஆபீசர் போலப் பார்த்தார். நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500 போக சம்பளம் 7,45,500. இதோடு ஜீவனாம்சம் 72,000, மகள் டெபாசிட் வட்டி 35,900இல் குழந்தைக்கு என்று தரும் 1,500 விலக்கு போக 34,400, என் சேமிப்புக் கணக்கு வட்டி 3,100. மொத்தம் 8,55,000. கழிவுகளில் பிஎஃப் 50,400, பள்ளிக் கட்டணம் 38,000, செல்வமகள் சேமிப்பு 24,000, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 14,500, சேமிப்பு வட்டிக்கு 3,100. பள்ளிக்கூட ரசீதில் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் கணக்கில் வரும், வேன், புத்தகம், வளர்ச்சி நிதி எல்லாம் வராது, நான் முதலில் மொத்தத்தையும் போட்டிருந்தேன். ஆக வரிக்கு உட்பட்ட வருமானம் 7,25,000, செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் தொகை) சேர்த்து வரி 59,800.

புதிய முறையில் கணக்கு நாலே வரிசையில் முடிந்தது. இங்கே நிலையான கழிவு 75,000, அது போக சம்பளம் 8,37,000. அதோடு 72,000, 35,900, 3,100. அந்த 1,500 விலக்கு இங்கே கிடையாது. வரிக்கு உட்பட்ட வருமானம் 9,48,000. தொகை பெரிதாகத் தெரிந்தாலும் வரி செஸ்ஸோடு 46,590தான். பதிமூவாயிரம் மிச்சம். ரசீது தேடிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் வீண்.

ஆபீஸ் சம்பளத்தை மட்டும் வைத்து 35,048 பிடித்திருந்தது. பாக்கி 11,540 சொச்சம். இது பத்தாயிரத்தைத் தாண்டியதால் நான் முன்கூட்டியே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டுமாம், கட்டாததால் 234பி, 234சி என்று வட்டி ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஜீவனாம்சமும் டெபாசிட் வட்டியும் உண்டு என்று ஆபீஸில் சொல்லியிருந்தால் சம்பளத்திலேயே பிடித்திருப்பார்கள், ஆனால் சொந்த விஷயத்தை அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் போய்ச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆயிரத்தை அதற்கான விலை என்று வைத்துக்கொண்டேன். போர்ட்டலிலேயே சுய மதிப்பீட்டு வரியாகக் கட்டி, செலான் எண்ணைப் போட்டு, ரிட்டர்னை அனுப்பி, ஆதார் ஓடிபியில் சரிபார்த்தேன். இந்தத் தடவை ஓடிபியை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தீர்ப்பு நகல், 6 லட்சம் வந்த பாங்க் ஸ்டேட்மென்ட், டெபாசிட் வட்டிச் சான்று மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். பாங்குக்குப் போய் கார்டியன் பெயரையும் பான் எண்ணையும் மாற்ற மனு கொடுத்தாயிற்று, இரண்டு தடவை அலையவிட்டார்கள்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால், 2025-26க்கு புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு முழுத் தள்ளுபடி. எல்லாவற்றையும் சேர்த்தாலும் எனக்கு வரி பூஜ்யம். ரிட்டர்ன் மட்டும் போட வேண்டும். கார்டியன் மாற்றம் இன்னும் முடியாததால், வட்டித் தொகையை ஏப்ரலிலேயே அனுப்பிவிடுங்கள் என்று அவருக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். "சரி" என்று பதில் வந்தது.