கடைசித் திரவம் எட்டாத மூலை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் நான் பணிபுரியும் வார்ப்புப் பட்டறையில் ஒரு இரும்பு அச்சு இருக்கிறது. ஏழு விழுக்காடு சிலிக்கன் கலந்த 356 வகை அலுமினியத்தை அதில் பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி ஊற்றி வந்தோம். கூடுதல் வலிமை வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டதால், நான்கரை விழுக்காடு செம்பு கலந்த 206 வகைக்கு மாறியதும், தாங்கித் துண்டுகளின் உள்மூலையில் விரிசல் விழத் தொடங்கியது. வலிமை மிகுந்த உலோகம் ஏன் வெடிக்க வேண்டும் என்று பட்டறையில் அனைவரும் கேட்டார்கள். அந்த வலிமை உறைந்து முடிந்த உலோகத்துக்கு உரியது. விரிசலோ அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது.

ஒரு துண்டை விரிசல் வழியே பிளந்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்தபின் உடைந்த பகுதி வெள்ளியைப்போல் மினுங்கியது. விரிசல் முகம் மட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில், மழுங்கிய சிறு உருண்டைகள் நெருக்கமாகப் பதிந்ததுபோல் இருந்தது. அவை டென்ட்ரைட் எனப்படும் கிளைப்படிகங்களின் முனைகள். பிய்ந்ததற்கான கூர்மை அவற்றில் சிறிதும் இல்லை. பிரிந்த நேரத்தில் அவற்றைச் சுற்றித் திரவப் படலம் இருந்ததற்கு அதுவே சான்று. பட்டறையின் மூத்த வார்ப்பாளரான அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உடைஞ்சது இல்ல, குடிக்கக் கிடைக்காம வாயப் பிளந்துட்டது" என்றார். நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு சரியாக விஷயத்தைத் தொட்டதில்லை.

அலுமினியம் உறையும்போது அதன் கனஅளவு ஆறு, ஏழு விழுக்காடு குறைகிறது. தொடக்கத்தில் படிகங்கள் தனித்தனியே மிதப்பதால் குழம்பு தடையின்றி ஓடி அந்தக் குறையை நிரப்பிவிடும். படிகங்கள் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டபின் ஒரு எலும்புக்கூடு உருவாகிறது; அதற்குப்பின் திரவம் அதன் இடுக்குகள் வழியாகத்தான் வர வேண்டும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறைந்து, படிகங்களுக்கிடையே மெல்லிய படலம் மட்டுமே எஞ்சியிருக்கும் நிலைதான் மிக ஆபத்தானது. அந்நிலையில் உலோகத்துக்கு வலிமையும் இல்லை, நீளும் தன்மையும் இல்லை. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இழுவிசைத் திரிபே, அதாவது இழுப்பால் ஏற்படும் நீட்சியே, அதைப் பிரித்துவிடப் போதும். முந்நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள எங்கள் தாங்கி ஐம்பது டிகிரி குளிர்ந்தாலே ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் சுருங்க முயல்கிறது. இரும்பு அச்சு அதைச் சுருங்க விடுவதில்லை. தாங்கியின் இரு கைகளும் முன்னதாகவே உறைந்து விறைத்துவிடுவதால், அந்த இழுப்பு முழுவதும் கடைசியாக உறையும் தடித்த மூலையில் வந்து குவிகிறது.

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஈர மணலில் கால் ஊன்றும்போது, பாதத்தைச் சுற்றி மணல் ஒரு நொடி காய்ந்து வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தத்தால் மணற்பருக்கைகள் ஒன்றன்மீது ஒன்று ஏறி விலக, இடைவெளி பெருகி, மேலிருந்த நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. பாதி உறைந்த உலோகமும் இழுபடும்போது இவ்வாறே திரவத்தை உறிஞ்சுகிறது. ஆனால் மணலில் நீர் வந்து சேர வழியிருக்கிறது. தொண்ணூற்றைந்து விழுக்காடு உறைந்த அலுமினியத்தில் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் வீழ்ந்து ஒரு வெற்றிடம் பிறக்கிறது. அதுதான் விரிசலின் கரு. ராப்பாஸ், திரேசே, கிரெமோ ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1999-இல் முன்வைத்த அளவுகோல் இந்த அழுத்த வீழ்ச்சியைத்தான் கணக்கிடுகிறது.

356 கலவையில் ஏறத்தாழப் பாதி, யூட்டெக்டிக் எனப்படும், கடைசியாக உறையும் கலவைத் திரவமாக இறுதிவரை இருந்து, 577 டிகிரியை ஒட்டி உறைவதால், மூலைக்குக் குழம்பு எட்டிக்கொண்டே இருந்தது. 206 கலவையோ 650 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கி, கடைசித் துளியை 548 டிகிரி வரை இழுத்துச் செல்கிறது. அப்போது எஞ்சும் திரவமோ மிகச் சொற்பம். 6061 வகை அலுமினியத் தகடுகளை நிரப்புக் கம்பி இல்லாமல் பற்றவைத்தால் இணைப்பு பிளப்பதும், ஐந்து விழுக்காடு சிலிக்கன் உள்ள 4043 கம்பி அதைக் காப்பாற்றுவதும் இதே காரணத்தால்தான்.

டைட்டானியம்-போரான் கம்பியைச் சேர்த்துப் படிகங்களைச் சிறிதாக்கினோம். அதனால் திரிபு பல படிக எல்லைகளில் பகிரப்பட்டது. மூலையின் வளைவைப் பெரிதாக்கி, உறையும் வார்ப்புக்குக் குழம்பை ஊட்டும் தேக்கமான ரைசரை அதன் அருகே நகர்த்தினோம். எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது, அச்சை முன்னதாகவே திறந்து துண்டைச் சுருங்க விட்டதுதான். வார்ப்பு வளைந்துவிடும் என்று அஞ்சி இதைத்தான் நாங்கள் கடைசிவரை தள்ளிப்போட்டிருந்தோம்.

நல்லவை என்று ஒதுக்கிய துண்டுகளில் ஒன்றை எக்ஸ்ரே எடுத்தபோது, அதே மூலையில் ஃபிலிமில் ஒரு வெளிறிய கோடு தெரிந்தது. வெட்டி, மெருகேற்றிப் பார்த்தால் அங்கே பிளவு இல்லை. செம்பு செறிந்த யூட்டெக்டிக் ஒரு நரம்பைப்போல் ஓடியிருந்தது. கிழிசல் திறந்த தறுவாயில் திரவம் வந்து அதை நிரப்பியிருக்கிறது. அந்த நரம்பில் உள்ள செம்புச் சேர்மம் எளிதில் நொறுங்கக்கூடியது என்பதால், அதிர்வு தாங்க வேண்டிய இந்தத் தாங்கிக்கு அத்துண்டு ஆகாது என்று எழுதி, அந்த வரிசை முழுவதையும் மறுபடி எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன்.