போட்டதை எடுக்கலாமா?

மிஸ்ஸுக்கு நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நூலகத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் "நீ விளக்கம் குடுக்கப் போய்த்தான் எல்லாம் கெட்டது" என்று இன்னும் பகிடி பண்ணுகிறார்கள்.

மிஸ் ஒரு விரிவுரையாளர். தன் பதிவுகளை எங்கள் டிஜிட்டல் நூலகத்தில் எல்லாரும் பார்க்கப் போடுவது பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "போட்டாப் பிறகு எடுக்கேலுமா தம்பி?"

"எங்கட பக்கத்தில மறைக்கலாம் மிஸ். பதிவு எடுபட்டது எண்டு ஒரு பக்கம் மட்டும் நிக்கும். ஆனா அதுக்குள்ள ஆராவது டவுன்லோட் பண்ணி வைச்சிருந்தா, அதை நாங்க ஒண்டும் செய்ய ஏலாது."

"அப்ப இருக்கட்டும்" என்று கோப்பை மூடிவிட்டார். கையொப்பப் படிவம் வெறுமையாகவே என்னிடம் திரும்பி வந்தது.

அந்தக் கோப்பில் இருந்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் அவர் கசற்றில் பதிந்தவை. கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் சொன்னது, ஒப்பாரி, கண்ணகி அம்மன் சடங்கில் பாடுகிற குளிர்த்திப் பாடல், இடையிடையே போர் நடந்த 1990ஆம் ஆண்டைப் பற்றிப் பெண்கள் சொன்ன கதைகள். பாயில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னவை. "அவங்க எனக்குத்தான் சொன்னவங்க, ஊர் உலகத்துக்குச் சொல்லயில்ல" என்று அன்று போகும்போது சொன்னார்.

விரிவுரையாளர்கள் டிஜிட்டல் நூலகத்தை ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஏற்பதில்லை என்ற விடயம் எனக்குப் புதிதல்ல. எங்கள் துறையில் மேற்படிப்புப் படிக்கிற பாதிப்பேர் இதைத்தான் எடுப்பார்கள். ஒரு தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏற்பதை முடிவுசெய்பவை என்று 1989இல் டேவிஸ் என்ற ஆய்வாளர் சொன்ன இரண்டு: பயனுண்டு என்று ஆள் நினைக்கிறாரா, பாவிக்க இலகு என்று நினைக்கிறாரா. 2003இல் வெங்கடேஷும் அவரோடு சேர்ந்தவர்களும் அதை விரித்து, சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கையும் கிடைக்கிற வசதிகளையும் சேர்த்தார்கள். பிறகு வந்தவர்கள் நம்பிக்கை, ஆபத்து என்று இன்னும் ஒட்டினார்கள். வினாக்கொத்தில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளடி போட்டால் முடிந்தது.

மிஸ்ஸிடம் அந்த வினாக்கொத்தைக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் 5 போடுவார். வீட்டிலிருந்து ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்துக்குள் போகிற வழியை எங்கள் பெடியன்களுக்கே சொல்லிக் கொடுக்கக்கூடியவர். வாசிக்க வந்தால் முழு ஏற்பு, கொடுக்க வந்தால் பூச்சியம். இவரை எந்தக் கட்டத்தில் போடுவது? மூன்றாம் ஆளுக்கு என்ன நடக்கும் என்று யோசிக்கிற ஆளுக்கு அந்தக் கோட்பாட்டுப் படங்களில் நான் இடம் காணவில்லை. பாயில் இருந்த பெண் வினாக்கொத்து நிரப்புவதில்லைதானே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதற்கு முதல் மிஸ் தன் பழைய கட்டுரைகளைத் தந்திருந்தார். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை; அது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது. பிடிஎஃப் திரையில் அழகான தமிழாகத் தெரியும். ஒரு வரியை எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். இப்போது எல்லாரும் பாவிக்கிற யூனிகோடில் "கண்ணகி" என்று தேடுபவருக்கு அந்தக் கட்டுரை ஆயுளுக்கும் அகப்படாது. "அப்ப ஆருக்குத் தம்பி இதைப் போடுறது?" என்று அதற்கும் கேட்டார். நியாயமான கேள்வி. திருத்தவேண்டியது எங்கள் பக்கம். ஆனால் இப்படியானவற்றையெல்லாம் அறிக்கையில் "விரிவுரையாளர்களின் ஆர்வமின்மை" என்று எழுதுவதுதான் வழக்கம்.

கோப்பைப் போட்டுப் பூட்டி வைக்கிற வசதி எங்கள் டிஜிட்டல் நூலகம் ஓடுகிற டிஸ்பேஸ் மென்பொருளில் இருக்கிறது. தலைப்பும் விபரமும் மட்டும் வெளியில், கோப்பு உள்ளே. குறித்த ஆட்களுக்கு மட்டும், அல்லது குறித்த திகதிக்குப் பிறகு என்று வைக்கலாம். அதை ஏன் அன்று சொல்லவில்லை என்றுதான் மற்றவர்கள் கேட்கிறார்கள். அவர் கேட்டது எடுக்கலாமா என்று, பூட்டலாமா என்றல்ல. கேட்டதற்குப் பதில் சொன்னேன். இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன், பாதி நாள் இது எனக்கே போதுமாக இருக்கிறது. மற்றப் பாதி நாள் அந்தக் கசற்றுகள் நினைவுக்கு வருகின்றன. வாவிக் காற்றில் பூஞ்சணம் பிடிக்க எவ்வளவு காலம்? 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட ஊரில் ஒரு வீட்டு அலுமாரியை நம்பலாமா? ஆனால் பூட்டு என்று சொல்லியிருந்தாலும், நான் இடம்மாறிப் போனபிறகு அதைத் திறக்கமாட்டார்கள் என்று யாருடைய பெயரில் வாக்குக் கொடுப்பது? நிர்வாகி ஒருவரின் ஒரு சொடுக்குத்தானே.

அண்மையில் வேறொரு துறைச் சேர் அதேமாதிரி நேர்காணல்களைக் கொண்டுவந்தார். அவர் வாய் திறக்க முதலே நான் தொடங்கிவிட்டேன்: "முதல்ல பூட்டியே போடுவம் சேர், திறக்கிற நேரத்தை நீங்க சொல்லுங்க." சந்தோஷமாகக் கையொப்பம் வைத்தார். திறப்பு ஆரிட்ட இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. மிஸ் கேட்டிருப்பார்.