பெண்டிங்

நவம்பர் 3, 2025, திங்கள்

காலை 5.40க்கு யாரோ ஒருவருடைய நம்பரிலிருந்து போன். எங்கள் ஆபீஸ் பெண், ரயில் பயணத்தில். "அண்ணா, பையக் காணோம்ணா." சேலத்தில் விழித்தபோது தலைமாட்டில் இருந்ததாம், திருப்பூரில் இல்லையாம். உள்ளே மேக்புக், ஆபீஸ் போன், ஒரு டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸுக்குத்தான் அதிகம் அழுதாள். அவள் அம்மாவுடையது.

லுங்கியோடு உட்கார்ந்து, ஆபீஸ் மேக்குகளைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்கும் ஜாம்ஃப் மென்பொருளைத் திறந்து, மேக்கைப் பூட்ட லாக் கட்டளை அனுப்பினேன். ஆறு இலக்க எண் கேட்டது, கொடுத்தேன். பெண்டிங். மேக் நெட்டுக்கு வந்தால்தான் கட்டளை போய்ச் சேரும். மேக் கடைசியாகத் தொடர்பு கொண்டது நேற்றிரவு 9.12க்கு. போன் இருப்பது வேறு மென்பொருளில், வேறு பாஸ்வேர்டில். அதைத் தேடி உள்ளே போக இருபது நிமிடம் ஆனது.

நவம்பர் 4

பெண்டிங்.

நவம்பர் 5, புதன்

மீட்டிங். நிர்வகிக்கும் மென்பொருள் மேக்குக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்றுமே இல்லை. "எதுக்குங்க இத்தனை எடம்?" என்றார் மேடம். அந்த இருபது நிமிடத்தை அறிக்கையில் எழுதியவனே நான்தான், என்ன சொல்ல? மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்துக்கு ஏற்கெனவே மாதாமாதம் கட்டுகிறோம். அதில் மேக், போன், விண்டோஸ் மூன்றையும் நிர்வகிக்கும் இன்டியூன் சேர்ந்தே வருகிறது, 300 பேர் வரை. நாங்கள் 140. மாதக் கடைசியில் ஜாம்ஃப் ரெனியூவல். ஏன் கட்டவேண்டும் என்று கேட்டால் நியாயம்தான்.

"மேனேஜ் எஞ்சின் நம்ம சென்னைக்காரங்களுது, 25 சாதனம் வரைக்கும் ஃப்ரீ" என்றார் ஒருவர். அதுவும் இதே மாதிரி மென்பொருள்தான், மூன்று வகையையும் பார்க்கலாம். ஆனால் எங்களிடம் மேக் மட்டுமே 64 இருக்கிறது. மற்றதை யார் எண்ணினார்கள்?

விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்று மூன்று வாரம் ஆகிறது. இன்னும் 19 லேப்டாப் அதில்தான் ஓடுகிறது. இதை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 6

இன்டியூனில் ஐந்து மேக், இரண்டு விண்டோஸ் போட்டுப் பார்த்தேன். விண்டோஸ் பக்கம் சந்தோஷமாக இருந்தது. பெட்டியைப் பிரித்து ஆபீஸ் ஐடியில் உள்ளே போனால் ஆட்டோபைலட் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவி தானாகவே வந்து சேர்கிறது. இத்தனை வருடம் பென்டிரைவோடு அலைந்தேனே.

மேக் பக்கம் கை ஓடவில்லை. ஜாம்ஃபில் மேக் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து "வேலை ஏதாவது உண்டா?" என்று கேட்டுப் போகும். இன்டியூனில் வழக்கமான சுற்று ஏறக்குறைய எட்டு மணி நேரம். நாமாகத் தட்டி எழுப்பலாம், உண்மைதான். ஆனால் கேட்காமலே வரும் பிள்ளைக்குப் பழகிவிட்டேன்.

நவம்பர் 7, இரவு 1.20

தூக்கம் வரவில்லை. அவள் மூடியை மட்டும்தான் மூடினாளாம், அணைக்கவில்லையாம். எடுத்தவன் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும். அவன் வீட்டு வைஃபை அந்த மேக்குக்குத் தெரியாது. அணைத்துப் போட்டால் இன்னும் மோசம். மேக்கின் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் ஃபைல்வால்ட், அதன் பாஸ்வேர்டு திரையைத் தாண்டாமல் அதற்கு நெட்டே கிடையாது. அப்படியானால் பெண்டிங் என்றால் யாரும் உள்ளே போகவில்லை என்றுதானே அர்த்தம்? ஃபைல்வால்ட் ஆன். எழுந்து போய் மறுபடியும் பார்த்தேன். ஆன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. தூக்கத்தில் "பெண்டிங்" என்று சொன்னேனாம். வீட்டில் சிரிக்கிறார்கள்.

நவம்பர் 10

வயிற்றைக் கலக்குகிறது. ஆப்பிள் புஷ் சான்றிதழ் 17ஆம் தேதியோடு முடிகிறது. அது இல்லாமல் ஜாம்ஃபின் கட்டளை எந்த மேக்குக்கும் போகாது. வருடம் ஒருமுறை புதுப்பிக்கவேண்டிய சமாச்சாரம்; எந்த ஆப்பிள் கணக்கில் எடுத்ததோ அதே கணக்கில் புதுப்பிக்கவேண்டும். வேறு கணக்கில் புதிதாக எடுத்தால் 64 மேக்கையும் மறுபடி பதிவு செய்யவேண்டும். 63ஐ ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்துவிடலாம். ரயிலில் போனதை எப்படிச் செய்வது? அதற்கு அனுப்பிய லாக் அப்படியே நின்றுபோகும்.

கணக்கு யாருடையது? எனக்கு முன்னால் இருந்தவருடையது. சொந்த மெயில் ஐடி. ஆள் இப்போது டொராண்டோவில்.

நவம்பர் 11

மேக் ஓ.எஸ். 26 வந்தபிறகு ஒரு நிர்வாக மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மேக்கை அழிக்காமலே மாற்றலாம். ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில், அதாவது ஆப்பிளிடம் கம்பெனி பெயரில் பதிவாகி, இருக்கிற மேக்குகளுக்கு மட்டும். எங்களுடையதில் 41 இருக்கிறது. மிச்சம் 23ம் அவசரத்துக்குக் கடையில் போய் வாங்கியவை. அதை நானே போய் வாங்கினேன், அதுவும் தீபாவளி ஆஃபரில். முறையாக வாங்கியிருந்தால், எடுத்தவன் அழித்துப் போட்டாலும் நெட்டைத் தொட்டவுடன் எங்கள் கம்பெனி பெயரோடு வந்து நிற்கும்.

நவம்பர் 13

இன்டியூன் மாதிரியே ஏர்வாட்ச் என்று ஒன்று இருந்தது. 2014இல் விஎம்வேர் வாங்கியது, 2023இல் விஎம்வேரையே பிராட்காம் வாங்கியது, 2024இல் அந்தப் பிரிவு கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய் ஆம்னிசா ஆனது. "எல்லாம் ஒரே இடத்தில்" என்று சொல்லும்போதெல்லாம் அந்த இடம் யாருடையது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேடத்திடம் சொன்னேன். "அது ஜாம்ஃபுக்கும்தானே?" ஆமாம்.

நவம்பர் 15, சனி

டொராண்டோக்காரர் பாஸ்வேர்டு தந்துவிட்டார். தங்கமான மனுஷன். ஆனால் ஓ.டி.பி. போவது அவருடைய பழைய சிம்முக்கு. அது பொள்ளாச்சியில் அவர் அம்மாவிடம்.

"அம்மா, ஆறு நம்பர் வந்திருக்குமுங்க."

"கண்ணாடியக் காணோம் கண்ணு, இருங்க."

முதல் தடவை கரண்ட் பில் மெசேஜைப் படித்தார். இரண்டாம் தடவை ஐந்து நம்பர்தான் வந்தது. மூன்றாவதில் உள்ளே போய்விட்டேன். புதுப்பித்தாயிற்று, இன்னும் ஒரு வருடம். வைக்கும்முன் மகன் அங்கே சரியாகச் சாப்பிடுகிறானா என்று என்னைக் கேட்டார். சாப்பிடுகிறாருங்க என்றேன்.

கணக்கைக் கம்பெனி பெயருக்கு மாற்றவேண்டும். திங்களே.

நவம்பர் 17

மாற்றவில்லை.

மெயில் போட்டேன்: விண்டோஸும் போனும் இன்டியூனுக்கு, மேக் இன்னும் ஒரு வருடம் ஜாம்ஃபிலேயே. பதில் ஒரு வரி: "சரி, ஆனா அடுத்த வருஷம் இதே கதைய சொல்லாதீங்க."

நவம்பர் 19

ரெனியூவலுக்கு எண்ணிக்கை கேட்டார்கள். தொலைந்ததுக்கு எதற்குக் காசு, 63 போடுங்கள் என்றார் மேடம். பட்டியலிலிருந்து அதை எடுத்தால் கட்டளையும் சேர்ந்து போய்விடும்.

63 என்று அடித்தேன். அழித்துவிட்டு 64 போட்டு அனுப்பினேன்.